குவேக்கர்ஸ் ஹில் பணிமனை

சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த பெண் அதிகாரி ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்டார். எள் என்றேன். யாருக்கு என்றார். இறந்துபோன என் அப்பாவுக்கு என்றேன். அவர் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "வருந்துகிறேன்" என்று மட்டும் சொன்னார். எள்ளுக்காகவா அப்பாவுக்காகவா என்று விசாரிக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசை ஊறுகாயுடன் காத்திருந்தது.

அப்பாவின் முதல் வருடத் திதிக்காகப் போயிருந்தேன். அம்மா இறந்த பிறகு அவர் என் தங்கை மலரின் வீட்டில், சிட்னியின் மேற்கே குவேக்கர்ஸ் ஹில்லில், ஏழு வருடம் இருந்தார். அவர் இறந்தபோது எனக்கு விசா வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. தகனத்தைத் திருச்சியிலிருந்து கைபேசியில் பார்த்தேன். நடுவில் சார்ஜ் தீர்ந்துபோய், ஒயரைத் தேடிச் சொருகித் திரும்ப வந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

என்னை வரவழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. "அண்ணே, அப்பாவோட கார் ஷெட்ல நிக்குது. எனக்கும் இவருக்கும் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தான். கிளட்ச் மிதிக்கத் தெரிஞ்ச ஆளு நம்ம வீட்ல நீ மட்டும்தான்" என்று மலர் போனில் சொல்லியிருந்தாள். ஐம்பத்து மூன்று வயதில், கல்லூரி நூலகன் ஒருவனின் இடது கால் மட்டும் வெளிநாட்டிலிருந்து அழைக்கப்படுவது அபூர்வம். உடலின் மற்ற பாகங்கள் துணைக்குப் போயின.

முதல் நாள் காலை நடக்கக் கிளம்பி இருநூறு அடி போவதற்குள் கறுப்பு வெள்ளையில் ஒரு பறவை என் பின்மண்டையைக் கொத்திவிட்டுப் போனது. வசந்த காலத்தில் அவை குஞ்சுகளைக் காக்கின்றனவாம். எங்கள் ஊரில் காகம் தலையில் தட்டினால் சனீஸ்வரன் கோயிலில் விளக்குப் போடச் சொல்வார்கள். இங்கே மாப்பிள்ளை சைக்கிள் ஹெல்மெட்டைக் கொடுத்தார். மலரின் கணவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். கணினி வேலை. எந்தத் துயரத்துக்கும் ஒரு படிவம் இருக்கும் என்று நம்புகிறவர்.

இரவுச் சாப்பாட்டின்போது மலர் சொன்னாள். அவள் இதய நோயாளிகள் வார்டில் நர்ஸ். "ஒரு ஷிப்டுக்கு ஆறேழு பேர் காலை அமுக்கிப் பாக்குறேன் அண்ணே, நீர் கோத்திருக்கான்னு. அதுதான் எனக்குச் சம்பளம் குடுக்குற வேலை. எங்க வீட்ல ஒரு ஜோடி கால் இருந்துச்சு. அதைப் பாக்கல."

"அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் திடீர்னு வந்ததுன்னுதானே சொன்னாங்க?"

"திடீர்னு வராது. மாசக்கணக்கா வரும், கால் வீங்கி, மூச்சு வாங்கி. எல்லாரும் திடீர்னுதான் சொல்வாங்க." பிறகு எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

ஒரு வருடமாக அவள் ஷெட்டைத் திறக்கவில்லை. அப்பா பொழுதெல்லாம் கழித்ததும் கடைசியில் சரிந்து விழுந்ததும் அங்கேதான்.

மறுநாள் திதி. எள் வென்ட்வேர்த்வில்லில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில், நான் கொண்டுவந்ததைவிட நல்லதாகவே கிடைத்தது. சாஸ்திரிகள் வரும் முன் மாப்பிள்ளை ஏணி போட்டு ஏறி, கூரையில் இருந்த புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டார். போன வருடம் மாட்ட மறந்து, பத்தாம் நாள் காரியத்தின் பாதியில் அது அலறி, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்தாராம். பூப்போட்ட அந்தத் தொப்பியின் கீழ் உட்கார்ந்து நான் அப்பாவுக்குப் பிண்டம் வைத்தேன். மதியம் மலர் ஷெட்டின் கதவை ஏற்றினாள்.

கார் மூன்று பழைய வேட்டிகளைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றாக உருவினோம். முதலில் ஆரஞ்சு நிறம். பரோட்டாச் சால்னாவின் மேல் மிதக்கும் எண்ணெயின் ஆரஞ்சு. பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டைகள். இரண்டே கதவு. எட்டு சிலிண்டர். ஐம்பது வருடத்துக்கு முன் அந்த நாட்டிலேயே செய்து, அந்த நாட்டு இளைஞர்கள் நேர்ச் சாலைகளில் தங்களை அழித்துக்கொள்ள உதவிய ரகம். பானெட்டில் என் முகம் தெரிந்தது. அதில்கூட நான் களைப்பாக இருந்தேன்.

என் அப்பாவையும் இந்தக் காரையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது எனக்கு இன்னும் சிரமம். முப்பத்து மூன்று வருடம் திருச்சியில் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சொந்தமாக ஒரு சைக்கிள். "ஒத்த ஆளைத் தூக்கிட்டுப் போக ஒரு டன் இரும்பு எதுக்குடா?" என்று நான் கார் வாங்கியபோது கேட்டு, அதில் ஏறாமலே இருந்தவர். எழுபத்தோராவது வயதில் மெல்போர்னில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்து இலை குணம் அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு மரத்தடியில் ஒரு வண்டி இருபது வருடமாகத் துருப்பிடித்துக் கிடப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அப்பா பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் அவரைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பார்த்தாராம்.

குணம் அங்கிள் காரைச் சும்மா கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. அது ஓடத் தொடங்கியதும் மெல்போர்னுக்கு ஓட்டிவந்து தன்னை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நான்கு வருடம் அப்பா இந்த ஷெட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிங்கரிங், பெயின்டிங், இன்ஜின் என்று எல்லாவற்றையும் தானே பார்த்தார். கார் முடிந்தது. மெல்போர்ன் போகவில்லை.

"அதை நாம முடிச்சிரணும் அண்ணே" என்றாள் மலர்.

அடுத்த இரண்டு நாள் ஒரு மெக்கானிக் வந்து பழைய பெட்ரோலை இறக்கி, புது பேட்டரி போட்டு, பிரேக்கைப் பார்த்தார். "இதை யார் செய்தது?" என்று கேட்டார். என் அப்பா என்றாள் மலர். "எங்கே பழகினார்?" "பேருந்தில்." அவர் காருக்கு அடியில் மறுபடி ஒருமுறை போய்வந்து, "அதுதான். ஒவ்வொரு போல்ட்டும் அறுபது பேரை ஏற்றப்போகிற மாதிரி முடுக்கியிருக்கிறார்" என்றார். மாப்பிள்ளை தன் பங்குக்கு வண்டியைச் சாலையில் எடுக்கும் அனுமதிக்கான எல்லாப் படிவங்களையும் நிரப்பிக் கொண்டுவந்தார். நான் தெருவில் ஓட்டிப் பழகினேன். எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் ஆட்கள் விலகுவார்கள். இங்கே ஹாரன் அடித்தால் நின்று, என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஐந்தாம் நாள் காலை நானும் மலரும் புறப்பட்டோம். டிபன் கேரியரில் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். ஒன்பது மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்தை இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டோம். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

பெட்ரோல் போட நின்ற இடத்திலெல்லாம் யாராவது வந்தார்கள். தொப்பி வைத்த ஒரு பெரியவர் காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். எங்கள் ஊராக இருந்தால் மூன்றாவது சுற்றுக்குத் தீபாராதனை காட்டியிருக்கலாம். "என் அப்பா இதே மாதிரி ஒன்று வைத்திருந்தார்" என்றார். "என் அப்பாவும்" என்றேன்.  அவர் பானெட்டை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார், மாட்டைத் தட்டுவதுபோல.

குண்டகாய் ஊரை நெருங்கும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்தேன். அதற்கு மேல் எனக்கு இன்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. இருந்தாலும் இடுப்பில் கைவைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். உலகெங்கும் ஆண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மலர் உள்ளே 'மீட் பை' என்னும் இறைச்சிப் பணியாரம் வாங்கப் போனாள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தேன். துணி இல்லை. ஒரு நீள நோட்டு இருந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. பணிமனைகளில் புகார் நோட்டு என்று ஒன்று உண்டு. வேலை முடித்துப் பேருந்தைக் கொண்டுவந்து விடும் ஓட்டுநர், இடப்பக்கம் வண்டியில் என்ன கோளாறு என்று எழுதிக் கையெழுத்திடுவார். அதைச் சரிசெய்த மெக்கானிக் வலப்பக்கம் பதில் எழுதிக் கையெழுத்திடுவார். பதில் இல்லாமல் வண்டி வெளியே போகக் கூடாது. அப்பா இந்தக் காருக்கும் அப்படி ஒன்று போட்டிருந்தார். ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. இரண்டு பக்கமும் ஒரே கையெழுத்து.

நின்றபடியே படித்தேன். முதலில் சிரித்தேன். முக்கால்வாசி நோட்டைத் தாண்டியபோது மலர் இரண்டு காகிதப் பைகளோடு வருவது தெரிந்தது. நோட்டை என் இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

"என்ன அண்ணே, என்ன கோளாறு?"

"தண்ணி குறைஞ்சிருக்கு" என்றேன். தண்ணீர் ஊற்றியதும் முள் இறங்கிவிட்டது. இறைச்சிப் பணியாரம் நன்றாக இருந்திருக்க வேண்டும்; எனக்கு ருசி தெரியவில்லை.

அன்று மாலை ஆல்பரியில் ஒரு விடுதியில் தங்கினோம். மலர் குளிக்கப் போனபோது காருக்குப் போய் மீதி நோட்டையும் படித்தேன். படுத்தபடி யோசித்தேன். படித்ததைச் சொன்னால், அப்பாவின் நோயைத் தான் கவனிக்கத் தவறிவிட்டதாக ஒரு வருடமாக நொந்துகொண்டிருப்பவளுக்குப் பாரத்தில் ஒரு பாதி இறங்கும். வேறொரு பாதி ஏறும். சொல்லாவிட்டால் அவள் இப்படியே இருப்பாள். நூலகன் முப்பது வருடமாகச் செய்துவரும் வேலை, கேட்டவருக்குக் கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது. கேட்காத புத்தகத்துக்கு விதி எதுவும் இல்லை.

மறுநாள் காலை எல்லையைத் தாண்டி விக்டோரியாவுக்குள் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் மஞ்சள் வயல்கள். மலர் சொன்னாள்: "நேத்துலேர்ந்து நீ ஒரு கிண்டல்கூடப் பண்ணல. உடம்பு சரியில்லையா, இல்ல எதையாவது மறைக்கிறியா?"

இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "டேஷ்போர்டுல இருந்துச்சு."

அவள் சத்தமாகப் படித்தாள். அப்பாவின் குரலிலேயே படித்தாள்.

"ஓட்டுநர்: வண்டி முன்னால் போகிறது. பின்னால் வரவில்லை. பணிமனை: ரிவர்ஸ் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. வேறு வரவேண்டும். ஓட்டுநர்: அதுவரை? பணிமனை: இறங்கித் தள்ளவும்."

மலர் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரளும் சத்தம் கேட்டது.

"ஓட்டுநர்: இடது கதவில் கிரீச் சத்தம். பணிமனை: பார்த்தாயிற்று, சத்தம் இல்லை. ஓட்டுநர்: பணிமனைக்குக் காது மந்தம். பணிமனை: ஓட்டுநர் மரியாதையாக எழுதவும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணே, இந்த மனுஷன்."

அந்த இடத்துக்கு இன்னும் நான்கு பக்கம் என்று எனக்குத் தெரியும். மூன்று. இரண்டு.

பிறகு அவள் சத்தமாகப் படிப்பதை நிறுத்தினாள். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

ஓட்டுநர்: இன்று வண்டியைத் தள்ளும்போது ஓட்டுநருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு காலிலும் வீக்கம்.

பணிமனை: கவனிக்கப்பட்டது. வண்டி முடியட்டும்.

ஓட்டுநர்: வீக்கம் வேட்டிக்குக் கீழே தெரிகிறது. மலர் பார்த்தால் வார்டில் படுக்க வைத்துவிடுவாள்.

பணிமனை: சாக்ஸ் போடவும்.

அதற்குப் பிறகு ஆறு பக்கம் காரைப் பற்றி. கடைசிப் பதிவு இடப்பக்கம் மட்டும்: மெல்போர்ன் போக வண்டி தயார். ஓட்டுநர் தயாரில்லை. வலப்பக்கம் காலி.

"வண்டியை நிறுத்து" என்றாள்.

லாரிகள் நிற்கும் ஓய்விடத்தில் நிறுத்தினேன். அவள் இறங்கி வேலி ஓரமாகவே நடந்து போனாள். வெகுதூரம் போய் ஒரு புள்ளியாகி, திரும்பி மறுபடி ஆளாகி வந்தாள். நான் அதற்குள் புளியோதரையைத் திறந்து, மூடி, திறந்து வைத்திருந்தேன்.

"அந்த சாக்ஸ் நான் வாங்கிக் குடுத்தது" என்றாள். "மூணு ஜோடி, கம்பளி. குளிருதும்மா, நல்லதா வாங்கிட்டு வான்னாரு. போட்டுட்டு என் முன்னாடி நடந்து வேற காட்டுனாரு."

"என்கிட்டயும் மறைச்சாரு மலர். ஞாயித்துக்கிழமை போன்ல மூச்சு வாங்கும். என்னப்பான்னா, டயர் கழட்டுறேன்டாம்பாரு. நானும் சரின்னு கிரிக்கெட் பேசப் போயிருவேன்."

அவள் புளியோதரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா என்னைத்தான் திட்டிட்டு இருந்தேன். இனிமே அவரையும் சேத்துத் திட்டணும். ஆனா ஒண்ணு சொல்றேன் அண்ணே. அவர் மறைச்சார்ங்கறதும் நெஜம். நான் பாத்திருக்கணும்ங்கறதும் நெஜம். மறைக்கிறவங்களைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலையே." புளியோதரையைச் சாப்பிட்டு முடித்தாள். உப்புக் கூடிவிட்டது என்றாள்.

பிற்பகலில் மெல்போர்னின் தென்கிழக்கே டாண்டினாங்கில் குணம் அங்கிள் வீட்டு முன் நிறுத்தினோம். எழுபத்தொன்பது வயது. தனியாக இருக்கிறார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெருமுனையிலயே சத்தம் கேட்டிட்டுது. மூண்டிலயிருந்து ரெண்டுக்கு கியர் மாத்தேக்க ஒரு உறுமல் உறுமும். அப்பிடியே இருக்கு. வாங்கோ, வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டு ஓடுவம்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவர் பேச்சைச் சற்று நிறுத்தினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். கார் அருகே வந்து கூரையில் உள்ளங்கையை வைத்து, பின்புறம் வரை தடவிக்கொண்டே போனார். "என்ர மனிசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இதிலதான். பிள்ளையைக் கொண்டுவந்ததும் இதிலதான். பிறகு நான்தான் மழையில விட்டனான்." அப்பாவின் வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கதவை மூன்று தடவை திறந்து மூடினார். கிரீச் சத்தம் இல்லை.

உள்ளே போனோம். குசினியில் பிஸ்கட் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வாங்கோ என்று என்னைச் சமையலறைக்கு அனுப்பினார். நான் தட்டோடு திரும்பியபோது மலர் கூடத்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சாய்ந்து படுக்கும் பெரிய நாற்காலி ஒன்று. அதில் இரண்டு தலையணை, ஒரு போர்வை.

"அங்கிள், கட்டில்ல படுக்கிறது இல்லையா?"

"படுத்தா மூச்சு முட்டுது பிள்ளை. கதிரையில சாஞ்சிருந்தாத்தான் நித்திரை வரும்."

"எத்தனை நாளா?"

"அது கிடக்கட்டும். முதல்ல காரை ஓட்டிக் காட்டுங்கோ. பிறகு பார்ப்பம்."

மலர் வாதாடவில்லை. டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "சரி அங்கிள், கார்லயே போவோம். எங்கேன்னு நான் சொல்றேன். உங்க மாத்திரையெல்லாம் எங்க இருக்கு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன்.

அவரை முன்னிருக்கையில் உட்கார வைத்தோம். மலர் பின்னால். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். ஒரு சிக்னல் விட்டு இரண்டாவது கியர் போடப் போனபோது, "இன்னும் கொஞ்சம் விட்டு மாத்துங்கோ தம்பி" என்றார். விட்டு மாற்றினேன். இன்ஜின் உறுமியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் உடனே உள்ளே கூட்டிப்போனார்கள். ஒரு நர்ஸ் விரலில் கருவியைச் செருகிப் பார்த்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போனார். திரைக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம்.

"பிள்ளை" என்றார் குணம் அங்கிள். "உங்கட அப்பா போனில எனக்குச் சொன்னவர், கால் வீங்குது எண்டு. உங்களிட்டச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவர். நான் சொல்லேல்லை."

மலர் அவருடைய ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தாள்.

"அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. எனக்கும் அப்பிடித்தான் வீங்கிறது, ஒண்டும் செய்யாது எண்டு நான்தான் அவருக்குச் சொன்னனான்."

அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். அவருடைய ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கால்சட்டையைச் சுருட்டி ஏற்றி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். உதடு மட்டும் அசைந்து எண்ணியது. விரலை எடுத்தபோது அங்கே ஒரு பள்ளம் அப்படியே நின்றது. அது நிரம்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பார்களாம். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கோவமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"பொறுங்க அங்கிள்" என்றாள் மலர், காலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் நிரம்பல."